வேட்டை அம்புக்கு முனை வாங்குமுன்

வட அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்ததும் வில்வேட்டைப் பருவம் களைகட்டத் தொடங்கிவிடும். வேட்டைப் பொருள் விற்கும் பெரிய கடைகளில் அம்புமுனைகளுக்கென்றே ஒரு சுவர் ஒதுக்கியிருப்பார்கள். மூன்று முனைகள் கொண்ட ஓர் அட்டை ஏறக்குறைய நாற்பது டாலர். அட்டைக்கு அட்டை ஒரு வீராப்பு: இது எலும்பைத் துளைக்கும், இது இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டும், இது எந்த வில்லிலும் நேராகப் பறக்கும். முதன்முறை வேட்டைக்குக் கிளம்புகிறவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் படம் கவர்ச்சியாக இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் முதலில் புரட்டியிருக்க வேண்டியது அந்த மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தை. 'பிராட்ஹெட்' எனப்படும் இந்த அகல முனை எத்தனை அகலம் இருக்க வேண்டும், எத்தனை வெட்டு விளிம்பு இருக்க வேண்டும், பின்பக்கம் எந்தக் கோணத்தில் இருக்கலாம் என்பதையெல்லாம் சட்டம் அளந்து வைத்திருக்கிறது.

துப்பாக்கியோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும். மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 ரகக் குண்டு, குழாயை விட்டு வெளியேறும்போது சுமார் 3,800 ஜூல் ஆற்றல் கொண்டிருக்கும். நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் 26 கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போனாலும் அதன் ஆற்றல் 95 ஜூல் அளவில்தான் நிற்கும். நாற்பதில் ஒரு பங்கு. அம்பு அதிர்ச்சியால் விலங்கை வீழ்த்துவதில்லை. நுரையீரலையும் பெரிய ரத்தக்குழாய்களையும் அறுத்து, ரத்தப்போக்கால் வீழ்த்துகிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்ட மான் சில நொடிகளில் நினைவிழந்து, பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். குறி ஒரு சாண் பின்னால் தள்ளிப்போனாலோ, அதே மான் குடலில் காயத்தோடு பல மணி நேரம் அலையும்.

ஆக, முனை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முதலில் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்டுபிடிக்கும். அகலம் கூடினால் வெட்டு பெரிதாகும், ஆழம் குறையும். கடைச் சுவரில் தொங்கும் அத்தனை வகைகளும் இந்த ஒரு கணக்குக்கு எழுதப்பட்ட வெவ்வேறு விடைகள்தான்.

நவீன வில்வேட்டையின் கதை 1911இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். கலிபோர்னியாவின் ஆரோவில் ஊருக்கு வெளியே, யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷி அந்த ஆண்டில்தான் வெளியுலகின் கண்ணில் பட்டார். அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்ட சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் 1923இல் எழுதிய நூல் அமெரிக்காவில் இந்த ஆர்வத்தை மறுபடி கிளப்பிவிட்டது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டையில் வில்லுக்கெனத் தனிப் பருவம் ஒதுக்கியது. ஃபிரெட் பேர் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ரேஸர்ஹெட்' முனையில் இரு பக்க அலகோடு சவரப் பிளேடு போன்ற மெல்லிய துணை அலகும் செருகப்பட்டிருந்தது. 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் வந்து வேகத்தைக் கூட்டியதும், முனைத் தயாரிப்பு பெருந்தொழிலாக மாறியது.

இன்று கிடைக்கும் முனைகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். முதலாவது, அசையாத அலகு கொண்டது. ஒரே எஃகுத் துண்டில் கடைந்ததாகவோ, மழுங்கினால் அலகை மட்டும் கழற்றி மாற்றக்கூடியதாகவோ இருக்கும். வெட்டு அகலம் பொதுவாக ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம். இரண்டாவது, விரியும் முனை. பறக்கும்போது அலகுகள் மடங்கியிருக்கும், விலங்கின் மேல் பட்டதும் விரிந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்கு மேல்கூட வெட்டும். மூன்றாவது, இரண்டையும் கலந்த கலப்பினம். எடை பெரும்பாலும் 100 கிரெயின் அல்லது 125 கிரெயின், அதாவது ஆறரை கிராம் அல்லது எட்டு கிராம். பயிற்சிக்குப் பயன்படும் கூம்பு முனையும் இதே எடையில்தான் வரும். ஆனால் அதைக் கொண்டு பெருவிலங்கை எய்வது சட்டவிரோதம். அது துளைக்குமே தவிர அறுக்காது.

இனி சட்டம். அமெரிக்காவில் வேட்டை விதிகளை வகுப்பது பெரும்பாலும் மாநிலங்கள். நியூயார்க், பென்சில்வேனியா, கொலராடோ, அலாஸ்கா போன்ற பல மாநிலங்களில் முனையின் குறைந்தபட்ச அகலம் 7/8 அங்குலம், மில்லிமீட்டரில் 22. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அதே 22 மில்லிமீட்டர்தான், குறைந்தது இரண்டு கூரிய வெட்டு விளிம்புகளோடு. ஒன்டாரியோ அங்கேயே நின்றுவிடவில்லை. மானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ, மூஸ், எல்க், கருங்கரடிக்கு 22 கிலோ, அம்பின் நீளம் 600 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. அலாஸ்காவில் மானுக்கும் கருங்கரடிக்கும் 40 பவுண்டு இழுவிசை போதும். மூஸுக்கும் பழுப்புக் கரடிக்கும் 50 பவுண்டு வேண்டும், அம்பு முனையோடு சேர்த்து 300 கிரெயினுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம், முள் முனை பற்றிய தடை. அலகின் பின்விளிம்பு தண்டோடு 90 பாகைக்குக் குறைவான கோணத்தில் அமைந்து, தூண்டில் முள்போல் சதைக்குள் மாட்டிக்கொள்ளும்படி இருந்தால் அது முள் முனை. அலாஸ்கா இதை இதே சொற்களில் வரையறுத்துத் தடுத்திருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் தடை உண்டு. ஆன்லைனில் 'பழங்கால பாணி' என்று கண்ணைப் பறிக்கும் வடிவங்கள் பல இந்த ஒரு காரணத்தாலேயே வேட்டைக்கு உதவாது. விரியும் முனையை வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்கள் நெடுங்காலம் தடுத்து வைத்திருந்து பிறகுதான் தளர்த்தின. பக்கத்து மாநிலத்து நண்பர் தைரியமாகப் பயன்படுத்துகிறார் என்பது எந்தக் காவல் அதிகாரியிடமும் எடுபடாத வாதம். அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகம் வனவிலங்குத் துறை இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்ற ஆண்டுப் பிரதியை நம்புவதில் அர்த்தமில்லை.

விரியும் முனையா, அசையாத முனையா? வேட்டைக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ஓயாத சண்டை இது. அசையாத முனைக்காரர்கள் "உடையக்கூடிய எந்திரத்தை நம்பி ஓர் உயிரின்மேல் அம்பு விடலாமா?" என்று கேட்பார்கள். மறுதரப்பு ரத்தத்தடத்தைக் காட்டும். இந்தச் சண்டையில் உருப்படியான எண்கள் கொஞ்சமே உண்டு. அவற்றில் முக்கியமானவை மேரிலாந்து மாநிலத்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்திலிருந்து வந்தவை. அங்கே 1989 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வில்லாலும் கிராஸ்போவாலும் எய்யப்பட்ட ஒவ்வொரு மானுக்கும் கணக்கு வைத்தார்கள். அசையாத முனை பட்ட 1,066 மான்களில் கைக்குக் கிடைத்தவை 874, அதாவது 82 சதவீதம். விரியும் முனை பட்ட 230இல் கிடைத்தவை 209, ஏறக்குறைய 91 சதவீதம்.

விரியும் முனைக்காரர்கள் இதைக் கொடிபோல் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் எண்ணைச் சொல்லும்போது எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் வேட்டையாட அனுமதி பெறுவதற்கே குறிபார்த்து எய்யும் தேர்வில் தேற வேண்டும். எய்யப்பட்டவை வெள்ளைவால் மான்கள். மெல்லிய விலா எலும்பும் நடுத்தர உடலும் கொண்டவை. அதே முடிவை 300 கிலோ எடையுள்ள எல்க்கின் மேலோ, அதைவிடப் பெரிய மூஸின் மேலோ கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற முடியாது. அலகை விரிக்கவே அம்பின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. 65 பவுண்டு வில் வைத்திருப்பவருக்கு அது பொருட்டல்ல. 42 பவுண்டு வில்லோடு வரும் பதின்வயதுப் பெண்ணுக்கோ, தோள்வலியால் இழுவிசையைக் குறைத்துக்கொண்ட முதியவருக்கோ அந்தச் செலவைத் தாங்க வழியில்லை. அவர்களுக்கு ஒடுக்கமான, அசையாத, இரண்டு அலகு முனைதான் பொருத்தம். இதைக் கடைக்காரர் சொல்லாமல் விடலாம். வாங்குபவர் கேட்காமல் விடக் கூடாது. இந்தியன் ஹெட் எண்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. தேர்வில் தேறியவர்கள், நல்ல கருவிகளோடு எய்தும்கூட, இரண்டு வகையையும் கூட்டினால் ஆறில் ஒரு மான் கைக்கு வரவில்லை.

அம்பின் எடைக்கும் இதில் பங்குண்டு. ஒரே வில்லில் 400 கிரெயின் அம்பு நொடிக்கு 280 அடி போகிறது என்றால், 600 கிரெயின் அம்பு சுமார் 230 அடிதான் போகும். ஆற்றல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. உந்தம் மட்டும் கனமான அம்பில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். தடித்த தோலையும் சதையையும் ஊடுருவிப் போகும்போது கைகொடுப்பது இந்த உந்தம்தான். ஆப்பிரிக்கப் பெருவிலங்குகளின் உடல்களில் அம்புகளின் ஊடுருவலை ஆண்டுக்கணக்கில் சோதித்த எட் ஆஷ்பி, கனமான அம்பையும் உடையாத முனையையும் ஓயாமல் வலியுறுத்தியதற்கு இதுவே அடிப்படை. அவர் சொன்ன எடையை ஒவ்வொரு மான் வேட்டைக்காரரும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. எல்க் வேட்டைக்குப் போகிறவர் வேகத்தை மட்டும் விளம்பரப்படுத்தும் அட்டையைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

கூர்மை பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் அதில்தான் அலட்சியம் மிகுதி. மழுங்கிய கத்தி தக்காளியை நசுக்குவதுபோல் மழுங்கிய அலகு ரத்தக்குழாயை ஒதுக்கித் தள்ளிவிடும், அறுக்காது. புத்தம்புது அட்டையிலிருந்து எடுத்த முனையும் கூராகத்தான் இருக்கும் என்று உறுதியில்லை. இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டின் மேல் அலகை லேசாக ஓட்டிப் பார்ப்பது பழைய சோதனை. அழுத்தாமலே அறுந்தால் சரி. கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது சோதனையல்ல, தையல் போட்டுக்கொள்ளும் வழி. பயிற்சிப் பலகையில் ஒருமுறை எய்த அலகை மாற்றாமலோ தீட்டாமலோ காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று பொருளல்ல. அசையாத முனையின் அலகுகள் அம்பின் முன்னால் சிறு இறக்கைகளாக வேலை செய்கின்றன. வில் சரியாக இசைவிக்கப்படாமலோ, தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தாமலோ இருந்தால் காற்று அந்த அலகுகளைப் பிடித்து அம்பைத் திருப்பிவிடும். 30 மீட்டரில் கூம்பு முனை ஓரிடத்திலும் வேட்டை முனை ஒரு சாண் தள்ளியும் படுகிறது என்றால் குறை வில்லில் இருக்கிறது. இதைத் தவிர்க்கவே பலர் விரியும் முனைக்குத் தாவுகிறார்கள். அது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. கோணல்மாணலாகப் போய்ப் படும் அம்பு எந்த முனையோடு போனாலும் ஆழமாக இறங்காது.

விலங்குக்கு முன்பே வேட்டைக்காரரைக் காயப்படுத்தக்கூடிய பொருள் இது. முனையைத் தண்டில் திருகும்போது அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் சாவியைப் பயன்படுத்த வேண்டும். அம்புக்கூட்டின் மூடி அலகுகளை முழுவதும் மறைக்க வேண்டும். மரத்தின் மேல் கட்டிய பரணுக்கு ஏறும்போது வில்லும் அம்பும் கையில் இருக்கவே கூடாது. ஏறி, பாதுகாப்புக் கச்சையை மாட்டிய பிறகு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் முழுதாக இழுக்கும்போது அலகு வில்லைப் பிடித்திருக்கும் கைக்கே வந்து சேரும். கார்பன் தண்டுகளை ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் வளைத்துப் பார்த்து, கீறல் சத்தம் கேட்டால் வீசிவிட வேண்டும். விரிசல் விட்ட தண்டு நாணை விட்டதும் சிதறி முன்கையில் பாய்ந்துவிடும். இறைச்சியைச் சுத்தம் செய்யும்போது காயத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிவதும் இதே காரணத்துக்காகத்தான். உடைந்த அலகும் கார்பன் சிம்புகளும் சமையலறைவரை வந்துவிடும்.

அம்பு விட்ட பிறகு தொடங்குவதுதான் பொறுப்பின் கனமான பகுதி. அம்பைத் தேடி எடுத்துப் பார்த்தால் அது பேசும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலைக் காட்டும்; அரை மணி நேரம் காத்திருந்து தடம் பிடிக்கலாம். பசுமை கலந்த கசடும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்கும்படி வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அவசரப்பட்டு விரட்டினால் படுத்திருக்கும் மான் எழுந்து வெகுதூரம் போய்விடும்.

அந்தத் தூரத்தில் அடுத்தவர் நிலம் வரலாம். காயம்பட்ட விலங்கைத் தொடர்கிறேன் என்பது பல மாநிலங்களில் வேலி தாண்டுவதற்கு உரிமை ஆகாது. உரிமையாளரின் அனுமதி வேண்டும். டெக்சாஸ், மிசௌரி போன்ற மாநிலங்களில் மரத்தில் பூசிய ஊதா நிறக் கோடே 'உள்ளே வராதே' பலகைக்குச் சமம். அனுமதி மறுக்கப்பட்டால் சண்டை பிடிக்காமல் வனவிலங்கு அதிகாரியை அழைப்பதுதான் வழி. நியூயார்க் மாநிலத்தில் இதற்கென்று உரிமம் பெற்றவர்கள் கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு வந்து தேடித் தருகிறார்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அலாஸ்காவில் குற்றம். அங்கே சில பகுதிகளில் காயம்பட்டுத் தப்பிய கரடியும் வேட்டைக்காரரின் அனுமதிக் கணக்கில் கழிக்கப்படும். சட்டப்படி வேட்டையாடுபவரை வேண்டுமென்றே இடைமறித்துத் தொல்லை தருவது 50 மாநிலங்களிலும் குற்றம். அதே நேரம் வேட்டையாடாத அக்கம்பக்கத்தாருக்கும் காப்பு உண்டு. நியூயார்க்கில் குடியிருப்பு வீட்டிலிருந்து 150 அடிக்குள் உரிமையாளர் அனுமதியின்றி வில் எய்யக் கூடாது. கிராஸ்போவுக்கு அந்த எல்லை 250 அடி.

வாங்கும் இடத்திலும் பொறிகள் உண்டு. பெயர்பெற்ற முனைகளின் போலிகள் இணையச் சந்தைகளில் கால் விலைக்குக் குவிகின்றன. அலகு மெலிந்து, திருகு தளர்ந்து, எடை ஒன்றுக்கொன்று மாறி வரும். சமையலறைத் தராசு போதாது, கிரெயின் அளக்கும் சிறு தராசில் மூன்றையும் நிறுத்துப் பார்த்தாலே பாதிக் குட்டு வெளிப்படும். இன்னொரு இழப்பும் இருக்கிறது. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் 1970களில் வில்வேட்டைப் பொருள்களுக்கும் நீட்டிக்கப்பட்டதிலிருந்து, வேட்டை முனைகளின் மீது 11 சதவீத வரி உண்டு. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டும் அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது. வெளிநாட்டிலிருந்து நேரே தபாலில் வரும் பொட்டலங்களில் இந்த வரி நழுவிவிடுகிறது என்பது தொழில்துறையின் நீண்டநாள் புகார்.

வாங்கிய முனை முதல் எய்தலிலேயே உடைந்தால் அமெரிக்க வாங்குநர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1975இன் மேக்னஸன்–மாஸ் சட்டப்படி எழுத்துமூல உத்தரவாதம் தரும் நிறுவனம் அதன் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லவும் நிறைவேற்றவும் கடமைப்பட்டது. உடைந்த துண்டு, அட்டை, ரசீது மூன்றையும் வைத்திருந்து முதலில் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டும். காயம் ஏற்பட்டாலோ ஏற்படும் ஆபத்து இருந்தாலோ, நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் புகார் பதியலாம். கிராஸ்போக்களையும் மரப்பரண்களையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைத்த ஆணையம் அது. பழைய பொருளை வாங்குவதற்கு முன் அங்கே அதன் பெயரைத் தேடிப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

அமெரிக்காவில் பணி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குடியேற்ற உரிமை இல்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உள்ள மத்தியச் சட்டக் கட்டுப்பாடு வில்லைத் தொடாது. ஆனால் மாநில வேட்டை உரிமம், பயிற்சிச் சான்றிதழ், விலங்குக்குரிய அனுமதிச்சீட்டு இவற்றிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. அலாஸ்காவில் பெருவிலங்கை வில்லால் வேட்டையாட, பொதுப் பயிற்சிக்கு மேல் வில்வேட்டைக்கான தனிச் சான்றிதழும் கேட்பார்கள். ஐரோப்பாவிலிருக்கும் உறவினருக்கு இந்த முனைகளைப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டும்: பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நார்வேயிலும் மானை வில்லால் வேட்டையாடுவதே தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே தருவதில்லை; கருவி வில்லா துப்பாக்கியா என்ற கேள்வியே எழாது. அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் வில், அம்பு, முனை எல்லாவற்றையும் சரக்குப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். கைப்பையில் ஒரு முனை தவறி இருந்தாலும் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். பெட்டியைத் திறந்து சோதிப்பவரின் விரல்களையும் நினைத்து, அலகுகளைத் தடித்த உறையில் மூடி வைக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.